மாப்பையும் வணிகன் பெயரும்

வணிகன் தன் பண்டத்தை அடைத்து விற்கும் பையிலே தன் பெயரையும் குறியையும் பொறிப்பது, பண்டம் செல்லுமிடமெல்லாம் தன் புகழுஞ் செல்லவேண்டும் என்னுங் கருத்தினாலாகும். ஆயின், பண்டந் தீர்ந்தபின் எஞ்சும் பை வாங்கியவர்க்கே உரியது. அதிலுள்ள பெயரை அவர் யாது செய்வார் என்பது வணிகன் கையில் இல்லை. கோதுமை மாவும் கால்நடைத் தீனியும் நிரப்பப்பெற்ற அமெரிக்கப் பருத்திப் பைகளின் வரலாறு இதனை நன்கு விளக்கும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் இப்பண்டங்கள் பெரும்பாலும் மரப்பீப்பாய்களிலே அடைக்கப்பட்டன. துணிப்பையின் கைத்தையல் மூட்டுப் பாரந் தாங்காது பிரிந்துவிடும். 1846 இல் எலியாஸ் ஹோ என்பார் பூட்டுத்தையலிடும் பொறிக்கு உரிமம் பெற்றார். அத்தகைய பொறிகள் பரவியபின் பை உறுதி பெற்றது. பீப்பாய் படிப்படியாய் வழக்கொழிந்தது.

வெறும்பை குடியானவர் வீட்டிலே தலையணையுறையாகவும், துடைக்குந் துணியாகவும், குழந்தைகளின் உள்ளாடையாகவும் மாறியது. அதற்குமுன் ஆலையின் பெயரை அகற்றவேண்டுமே! எழுத்தின்மேற் பன்றிக்கொழுப்பைப் பூசியோ, மண்ணெண்ணெயில் ஊறவைத்தோ ஓரிரவு விட்டு, மறுநாட் காரமிக்க சவர்க்காரமிட்டுத் தேய்ப்பர். எத்துணை தேய்த்தும் எழுத்து முற்றும் போகாமையும் உண்டு. வீட்டின் வறுமையைப் பிறர் எழுத்துக்கூட்டி வாசித்தல் யாருக்குத்தான் பொறுக்கும்? தாய்மார் அத்துணை பாடுபட்டமைக்குக் காரணம் அதுவே.

கடல்கடந்து பெல்ஜியம் சென்ற பைகளோ இதற்கு நேர்மாறான நிலையைப் பெற்றன. 1914 ஓகஸ்ட்டில் ஜேர்மனியப் படை அந்நாட்டினுட் புகுந்தது. உணவின் பெரும்பகுதிக்குப் பிறநாடுகளை நம்பியிருந்த மக்களைப் பஞ்சம் நெருங்கியது. ஹேர்பேட் ஹூவர் தலைமையில் அவ்வாண்டு ஒக்டோபரில் நிறுவப்பட்ட பெல்ஜிய நிவாரண ஆணைக்குழு அமெரிக்க மாவை அனுப்பிற்று. வெறும்பைகளுக்கு இறுக்கமான கணக்கு வைக்கப்பட்டது. பருத்தி வெடிமருந்துக்கு உதவுமாதலின் அவை ஜேர்மனியர் கைக்குச் செல்லலாகாது. தாழ்ந்த மாவை அவற்றிலிட்டு நிவாரண மாவென விற்பாரும் உளராகலாம் என்ற அச்சமும் இருந்தது. ஆகவே அவை தொழிற் பாடசாலைகளுக்கும், கன்னியர் மடங்களுக்கும், பெண்களின் தையற்கூடங்களுக்கும் பகிரப்பட்டன. அப்பெண்கள் பல பைகளை ஆடையாக்கினர். வேறு பலவற்றிலே ஆலையின் பெயரை அழித்திலர். அச்சிட்ட எழுத்தின்மேலேயே வண்ணநூல் ஓட்டினர். ஓரங்களிற் பின்னல் வேலை சேர்த்தனர். இரு நாட்டுக் கொடிகளையும் நன்றிமொழியையும் இழைத்தனர். விளம்பரத்துக்கென இட்ட எழுத்து ஈண்டு உயிரளித்தோர் பெயராயிற்று. அயோவா மாநிலத்து வெஸ்ற் பிராஞ்ச் நகரிலுள்ள ஹூவர் நூலகத்தில் இத்தகைய பைகள் நூற்றுக்கணக்கில் உள.

அமெரிக்க வணிகரோ, தம் நாட்டுப் பெண்கள் பெயரைத் தேய்த்தகற்றப் படும் பாட்டிலே வேறொரு பாடங் கற்றனர். 1920 களின் நடுப்பகுதியிற் சென்ற் லூயிஸ் நகரத்து ஜோர்ஜ் பி. பிளான்ற் மாவாலை, கட்டமிட்ட ஜிங்கம் துணிப்பையில் மாவை விற்றது. பின்னர்ப் பூவும் கோலமும் பதித்த பைகள் பெருகின. வணிகர் தம் பெயரை எளிதிற் கழுவத்தக்க மையால் அச்சிட்டனர். அன்றித் தாட்பட்டியிலே பொறித்து ஒட்டினர். தன் பெயரைத் தானே மறைத்தற்கு வழிசெய்த விளம்பரம் பிறிதொன்று உண்டோ!

100 இறாத்தற் பையைப் பிரித்தால் ஒரு யாருக்குச் சற்று மேற்பட்ட துணி கிடைக்கும்; வளர்ந்த பெண்ணொருத்தியின் சட்டைக்கு ஏறத்தாழ மூன்று பை வேண்டும். மூன்றும் ஒரே கோலமாதலும் வேண்டும். ஆதலால் தீனி வாங்கச் சென்ற கணவன், அடுக்கின் அடியிலே கிடந்த பையை இழுத்துத் தரும்படி கடைக்காரனை வருத்த நேர்ந்தது. கோழிக்குரிய தீனியைத் துணியின் பூவே தெரிந்தளித்தது எனலாம்.

இரண்டாம் உலகப்போரின்பின் மலிவான தாட்பை முந்திக்கொண்டது. பருத்தித் தொழிலார் தையற் போட்டிகள் நடத்தியும் அதனைத் தடுக்க இயலவில்லை. 1960 களிற் பூப்போட்ட பை பெரும்பாலும் கடைகளை விட்டு நீங்கியது. அப்போட்டி ஒன்றுக்கெனக் கன்சாஸ் மாநிலத்துப் பெண்ணொருவர் 1959 இல் தைத்த சட்டை, வாஷிங்டனிலுள்ள ஸ்மித்சோனியன் நிறுவனத்தின் அமெரிக்க வரலாற்று அரும்பொருளகத்தில் இடம்பெற்றுள்ளது.