இரும்பு மலையடியில் ஓர் ஊற்று

டீ ஆறுவதற்குள் முடிகிற விஷயம் இல்லை, குடித்துக்கொண்டே கேளுங்கள். சேலத்திலிருந்து இளம்பிள்ளைக்குப் போகிற வழியில், கஞ்சமலை அடிவாரத்தில் சித்தர் கோயில் இருக்கிறது. அமாவாசை என்றால் கூட்டம் தாங்காது. காலாங்கிநாதர் இந்த மலையில் இருந்தார் என்பது தல வரலாறு. வருகிறவர்கள் தீர்த்தத்தில் குளித்து, மரு உதிர வேண்டும் என்று உப்பும் மிளகும் போட்டு, கையில் ஏந்திக் கொஞ்சம் குடித்துவிட்டுத்தான் சித்தேஸ்வரரைப் பார்க்கப் போகிறார்கள்.

இங்கே இருக்கும் ஊற்றைக் காந்த தீர்த்தம் என்கிறார்கள். மலையில் காந்தக்கல் இருக்கிறது, அதில் ஊறி வருவதால் தண்ணீரிலும் காந்தம் இறங்குகிறது என்பது நம்பிக்கை. இதில் முதல் பாதி முழு உண்மை. கஞ்சமலையில் இருப்பது மேக்னடைட் என்கிற காந்த இரும்புத்தாது. அடிவாரத்து ஓடை காய்ந்திருக்கும்போது ஒரு காந்தத்தை மணலில் இழுத்துப் பாருங்கள். கருமணல் மயிர் மயிராக ஒட்டிக்கொண்டு வரும். வில்லியம் கிங்கும் புரூஸ் ஃபுட்டும் 1864-ல் எழுதிய நிலவியல் அறிக்கையில், அன்றைய சேலம் ஜில்லாவின் இரும்பு மலைகளில் கஞ்சமலைக்குத் தனி இடம் கொடுத்திருக்கிறார்கள்.

இரண்டாம் பாதிதான் சிக்கல். மேக்னடைட் சாதாரணத் தண்ணீரில் எளிதில் கரையாது. கரைகிற கொஞ்சநஞ்ச இரும்புக்கும் காந்தத்தன்மை இருக்காது. ஆகவே தண்ணீரில் காந்தம் இல்லை. ஆனால் அந்த ஊற்றை உண்டாக்கியதில் இந்தப் பாறைக்கு நிச்சயம் பங்கு உண்டு. எனக்கு அதுதான் பெரிய அதிசயம்.

சேலம், நாமக்கல் சமவெளி முழுக்க அடியில் கெட்டிப்பாறை. ஆற்று மணல் போல அதற்குள் தண்ணீர் தங்க இடமில்லை. மேலே மக்கிய பாறையிலும், கீழே ஓடும் வெடிப்புகளிலும்தான் தங்கும். கஞ்சமலையின் பாறை அடுக்குகளோ இரண்டு பக்கத்திலிருந்தும் மலைக்குள் சரிந்து, தொன்னை போல வளைந்திருக்கின்றன. குவார்ட்ஸ் என்கிற வெண்கல்லும் தாதும் மாறி மாறி அமைந்த அடுக்குகள் அவை. மலையில் பெய்த மழை மண்ணில் இறங்கி, வெடிப்பு வழியே போய், வெடிப்பில்லாத பாறை தடுக்கும்போது பக்கவாட்டில் திரும்புகிறது. தரை தாழ்ந்த இடத்தில் ஊற்றாக வெளியே வருகிறது. மேலே மரமும் மக்கிய இலையும் இருந்தால் மழைநீர் நின்று இறங்கும். மொட்டைப் பாறையாக இருந்தால் ஓடையில் பாய்ந்து ஒரே நாளில் போய்விடும்.

இப்போது பழைய இரும்புத் தொழிலுக்கு வருவோம். அந்தக் காலத்து உருக்காளர்கள் மலையைக் குடையவில்லை. உதிர்ந்து கிடந்த தாதுக்கல்லையும் ஓடைக் கருமணலையும் பொறுக்கி, மண் உலையில் அடுப்புக்கரி போட்டு, துருத்தி ஊதி இரும்பெடுத்தார்கள். அந்த இரும்பை ஆவாரங்குச்சியோடு மண்மூசையில் வைத்து, எருக்கிலை போட்டு மூடி, களிமண்ணால் அடைத்துக் காய்ச்சினால் உருக்கு. குச்சியும் இலையும் கருகித் தருகிற கரி இரும்பில் ஏறுவதுதான் அதன் சூட்சுமம். இதையெல்லாம் கவனித்து எழுதிய ஜோசையா மார்ஷல் ஹீத் 1830-ல் பரங்கிப்பேட்டையில் பெரிய உலை அமைத்து, சேலத்துத் தாதை அங்கே கொண்டுபோனார். தாதுக்குப் பஞ்சமில்லை, கரிக்குத்தான் பஞ்சம். சுற்றியுள்ள காடுகளால் அந்த உலைகளுக்கு ஈடுகொடுக்க முடியவில்லை. இரும்பெடுத்த கதையில் காடு அழிந்த கதையும் இருக்கிறது. காட்டைத் தொட்டால் ஊற்றையும் தொட்டதாகத்தான் அர்த்தம்.

1970-ல் சேலம் இரும்பாலைக்கு அடிக்கல் நாட்டியபோது, மலைத் தாதுக்கும் காலம் வந்துவிட்டது என்று பலர் நினைத்தார்கள். கடைசியில் அது துருப்பிடிக்காத எஃகுத் தகடு செய்யும் ஆலையாகத்தான் வந்தது. 2000-க்குப் பிறகு கஞ்சமலையிலும் திருவண்ணாமலை கவுத்திமலையிலும் தாது எடுக்கத் திட்டம் போட்டார்கள். எதிர்ப்பும் வலுவாக எழுந்தது. என் கருத்தை ஒளிக்காமல் சொல்கிறேன்: எதிர்த்தவர்கள் பக்கம்தான் நியாயம். தாது அடுக்கு தொன்னையின் சுவர். சுவரை வெட்டி எடுத்தபின் தண்ணீர் பழைய வழியிலேயே வரும் என்று யாராலும் உறுதி சொல்ல முடியாது.

உங்கள் கையிலிருக்கும் டீயே ஒரு சோதனைக்கூடம், தெரியுமா? இரும்பு கரைந்த தண்ணீரில் டீ போட்டால் கறுத்துப்போகும். தேயிலையின் துவர்ப்பு இரும்போடு சேர்ந்து செய்கிற வேலை அது. அந்தத் தண்ணீரை ராத்திரி முழுக்க டம்ளரில் வைத்தால் அடியில் செங்காவி படியும். சேலத்தின் வடக்கே மேக்னசைட் என்கிற வெள்ளைக்கல் எடுத்த மலைப்பகுதியில் விஷயம் வேறு. அது மக்னீசியம் நிறைந்த பாறை. அப்படிப்பட்ட நிலத்துக் கிணற்றுத் தண்ணீரில் டீயின் மேல் ஆடை மிதக்கும், சோப்பு நுரைக்காது, காய்ச்சிய பாத்திரத்தில் வெள்ளையாகப் படியும். குடிநீருக்கான இந்தியத் தரக் குறியீடு லிட்டருக்கு 30 மில்லிகிராம் மக்னீசியம் வரை நல்லது என்கிறது. வேறு தண்ணீர் இல்லாவிட்டால் 100 வரை. ஒரே ஊரின் இரண்டு மலைகள், தண்ணீரின் குணம் இரண்டு.

சித்தர் கோயிலுக்குப் போகிறவர்கள் அமாவாசை கழித்து, ஐப்பசி மழைக்குப் பிறகு ஒரு சாதாரண நாளில் போங்கள். ஊற்று நன்றாக இருக்கும். கல்லையும் ஓடையையும் நிதானமாகப் பார்க்கலாம். குளிக்கிற இடத்தில் சோப்பும் ஷாம்பு பாக்கெட்டும் வேண்டாம்; பழைய துணியை அங்கேயே விட்டுவிட்டு வராதீர்கள். பத்துப் பேர் இறங்கிக் குளிக்கிற தண்ணீர் எத்தனை புனிதமானாலும், குழந்தைக்குக் கொடுப்பதென்றால் கொதிக்கவைத்துக் கொடுங்கள். வீட்டுக் கிணற்றுத் தண்ணீரில் சந்தேகம் இருந்தால், சுத்தமான பாட்டிலில் பிடித்துக் குடிநீர் வடிகால் வாரிய ஆய்வகத்தில் கொடுத்துப் பாருங்கள். கடினத்தன்மையும் இரும்பும் அங்கே தெரிந்துவிடும்.