தடம் சொல்லும் நிரல்

நுழையும்முன்

நிரலை எழுதியவர் ஓரிடத்தில் இருப்பார். அவர் எழுதிய நிரல் உலகின் வேறொரு மூலையில் இயங்கிக்கொண்டிருக்கும். அங்கே அது தவறினால், நடந்தது என்ன என்பதை யார் சொல்வது? நிரலே சொல்ல வேண்டும். தன் செயல்களைத் தானே குறித்துவைக்கும் ஆற்றலைச் சி மொழியில் எழுதப்பட்ட நிரலகம் ஒன்றுக்கு அளிப்பது எவ்வாறு? அதனை அளிக்கும்போது காக்க வேண்டிய நெறிகள் யாவை? இவற்றை இப்பாடம் விளக்குகிறது.

வழுவும் தடமும்

திணை, பால், இடம், காலம் முதலியவற்றில் இலக்கண நெறி பிறழ்வதை வழு என்பர். அச்சொல்லையே கணினித் தமிழும் ஏற்றுக்கொண்டது. நிரலில் அமைந்த பிழை வழு. அதனைக் கண்டறிந்து களைவது வழுநீக்கம். எனினும், இரண்டிற்கும் இடையே ஒரு வேறுபாடு உண்டு. 'அவன் வந்தாள்' என்னும் தொடரில் வழு கண்முன்னே நிற்கிறது. நிரலின் வழுவோ பெரும்பாலும் ஓரிடத்தில் தோன்றி வேறோரிடத்தில் வெளிப்படும். வெளிப்பட்ட இடத்திலிருந்து தோன்றிய இடத்துக்குப் பின்னோக்கிச் செல்வதற்குத் தடம் வேண்டும். நிரல் இயங்கும்போது, எப்போது, எங்கே, என்ன செய்தது எனத் தானே எழுதிவைக்கும் பதிவே தடம் எனப்படும்.

தெரிந்து தெளிவோம்

1947ஆம் ஆண்டு செப்டம்பர் 9 அன்று, அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் இருந்த மார்க் 2 கணினியில், ரிலே எனப்படும் மின்காந்தச் சாவி ஒன்றினுள் விட்டில் பூச்சி சிக்கியிருந்தது. கணினியை இயக்கியோர் அதனை எடுத்துப் பணிக்குறிப்பேட்டில் ஒட்டிவைத்தனர். பூச்சியைக் குறிக்கும் 'பக்' என்னும் ஆங்கிலச் சொல், கருவிகளின் கோளாற்றைக் குறிக்கும் பொருளில் அதற்கு முன்பே வழங்கிவந்தது. அக்குறிப்பில் நேரம் 15.45 என்பதும், ரிலே எண் 70 என்பதும், அது பலகை எஃப்-இல் இருந்தது என்பதும் இடம்பெற்றுள்ளன. எப்போது, எங்கே, என்ன என்னும் மூன்றையும் கூறும் அக்குறிப்பு நல்ல தடத்திற்கு எடுத்துக்காட்டாகும்.

நிரலகத்தின் இயல்பு

சி மொழியை டென்னிஸ் ரிட்சி அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் 1970களின் தொடக்கத்தில் உருவாக்கினார். இயக்க முறைமைகள் முதல் கைப்பேசிகளுக்குள் இயங்கும் தரவுத்தளங்கள் வரை இன்றும் பல மென்பொருள்கள் அம்மொழியில் எழுதப்படுகின்றன. அவற்றுள் ஒரு வகை நிரலகம். அடிக்கடி தேவைப்படும் செயற்கூறுகளைத் தொகுத்து, பிறருடைய நிரல்கள் அழைத்துப் பயன்படுத்துமாறு அமைப்பதே நிரலகம் ஆகும்.

நிரலகத்திற்கெனத் தனியே திரை இல்லை, பயனரும் இல்லை. பிறர் வீட்டுக்குப் பணிசெய்யச் சென்ற கைவினைஞரைப் போல, அது அழைத்த நிரலுக்குள் இருந்து வேலை செய்கிறது. வேலை முடிந்ததும் ஒரு மதிப்பைத் திருப்பித் தருகிறது. பிழை நேர்ந்தால் அம்மதிப்பு பெரும்பாலும் ஓர் எண்ணாகவே இருக்கும். அந்த எண் 'முடியவில்லை' என்று மட்டும் சொல்லும். 'ஏன் முடியவில்லை' என்று சொல்லாது. சில வேளைகளில் பிழை நேர்ந்ததையே அது சொல்லாமல் போகும்.

ஓர் எடுத்துக்காட்டைக் காண்போம். மழையளவுக் கோப்பினைப் படித்து, ஒரு மாதத்தின் நாள் சராசரியைத் தரும் நிரலகம் ஒன்று இருப்பதாகக் கொள்வோம். கோப்பில் 30 நாள்களுக்கு 30 வரிகள் உள்ளன. ஆனால், கருவி பழுதானதால் 6 நாள்களுக்குரிய இடம் வெறுமையாக விடப்பட்டுள்ளது. எஞ்சிய 24 நாள்களின் மொத்த மழை 180 மில்லிமீட்டர். அளந்த நாள்களின் சராசரி 7.5 மில்லிமீட்டர் ஆகும். நிரலகமோ 6 மில்லிமீட்டர் என்று விடை தருகிறது.

எழுத்துச் சரத்தைப் பதின்ம எண்ணாக மாற்ற, சி மொழியில் 'ஏடூஎஃப்' என்னும் செயற்கூறு உண்டு. வெறுமையான சரத்தைக் கொடுத்தால் அது சுழியத்தைத் திருப்பித் தரும். 'மழை பெய்யவில்லை' என்பதும் 'மழை அளக்கப்படவில்லை' என்பதும் அதற்கு ஒன்றே. ஆகவே, நிரலகம் 180ஐ 24ஆல் வகுக்காமல் 30ஆல் வகுத்துவிட்டது. நிரல் நின்றுபோகவில்லை, எச்சரிக்கையும் எழவில்லை. ஏரியின் நீர்வரத்தைக் கணிப்பவர் அந்த விடையை நம்பி மேலே செல்வார். 'வரி 17: மதிப்பு வெறுமை, சுழியமாகக் கொள்ளப்பட்டது' என்னும் ஒரு தடவரி இருந்திருந்தால், வழு தோன்றிய இடம் உடனே புலப்பட்டிருக்கும்.

தடம் பதிக்கும் முறை

தடம் பதிக்க எளிய வழி, ஐயம் எழும் இடங்களில் எல்லாம் 'பிரிண்ட்எஃப்' கட்டளையை எழுதுவது. சிறு பயிற்சி நிரலுக்கு இது போதும், நிரலகத்திற்குப் பொருந்தாது. ஒரு நிரலின் வெளியீட்டை மற்றொரு நிரல் உள்ளீடாகக் கொள்வதுண்டு. நிரலகம் தன் குறிப்புகளை அவ்வெளியீட்டில் கலந்துவிட்டால், அடுத்த நிரல் அவற்றையும் தரவு என்றே படிக்கும். வழுவைத் தேடப்போய்ப் புதிய வழுவை உண்டாக்கியதாகிவிடும். சி மொழி இதற்கு வழி செய்துள்ளது. உள்ளீடு, வெளியீடு ஆகிய இரண்டு வழிகளுடன், பிழைச் செய்திகளுக்கென மூன்றாவது வழி ஒன்றையும் அது ஒவ்வொரு நிரலுக்கும் திறந்துவைக்கிறது. வேறு ஏற்பாடு இல்லாதபோது தடவரிகள் செல்ல வேண்டிய வழி அதுவே.

அடுத்து, தடம் பதிக்கும் பணி முழுவதும் ஒரே இடத்தில் வரையறுக்கப்பட வேண்டும். அவ்வரையறையை மேக்ரோவாக அமைப்பது வழக்கம். நிரல் இயந்திர மொழிக்குப் பெயர்க்கப்படும் முன்பே, மேக்ரோவின் பெயர் வரும் இடந்தோறும் அதன் உள்ளடக்கம் நிரப்பப்பட்டுவிடும். இதனால் இரு பயன்கள் விளைகின்றன.

முதலாவது, இடம் அறிதல். கோப்பின் பெயரையும் வரி எண்ணையும் தாமே தரும் இரு குறியீடுகள் 1989ஆம் ஆண்டின் சி மொழித் தரத்திலேயே உள்ளன. செயற்கூற்றின் பெயரைத் தரும் வசதி 1999ஆம் ஆண்டின் தரத்தில் சேர்ந்தது. தடம் பதிப்பதைச் செயற்கூறாக எழுதி, இக்குறியீடுகளை அதனுள் வைத்தால், அவை எப்போதும் அச்செயற்கூற்றின் வரி எண்ணையே காட்டும். மேக்ரோவாக எழுதினால், அழைக்கப்பட்ட இடத்தின் வரி எண் கிடைக்கும்.

இரண்டாவது, வீண்செலவு தவிர்த்தல். செயற்கூறு ஒன்றை அழைக்கும் முன், அதற்கு அனுப்பும் மதிப்புகள் யாவும் கணக்கிடப்படும். மேக்ரோவோ, தடம் தேவையா என்பதை முதலில் சோதித்து, தேவையில்லை எனில் அக்கணக்கீடுகளையும் விட்டுவிடுமாறு அமைக்கப்படலாம்.

காக்க வேண்டிய நெறிகள்

தடம் சேர்ப்பவர் மனத்தில் கொள்ள வேண்டிய முதல் நெறி, கேட்டாலன்றிப் பேசாமை. இயல்பு நிலையில் நிரலகம் அமைதியாக இருக்க வேண்டும். சூழல் மாறி ஒன்றின் வழியாகவோ, அதற்கென அமைந்த செயற்கூற்றின் வழியாகவோ, பயன்படுத்துவோர் விரும்பும்போது தடத்தைத் திறக்கலாம். பிழை, எச்சரிக்கை, தகவல், நுண்தகவல் எனப் படிநிலைகளை வகுத்தால், வேண்டிய அளவுக்கு மட்டும் அதனைத் திறக்க முடியும்.

இரண்டாவது, எவரிடம் பேசுவது என்பதை அழைத்தவரே முடிவு செய்ய விடுதல். தடவரியைப் பெற்றுக்கொள்ளும் செயற்கூறு ஒன்றை அழைக்கும் நிரலே எழுதி, அதன் முகவரியை நிரலகத்திடம் தரலாம். நிரலகம் ஒவ்வொரு வரியையும் அதனிடம் ஒப்படைக்கும். இணையவழித் தரவுப் பரிமாற்றத்துக்கு உலகெங்கும் பயன்படும் 'கர்ல்' நிரலகம் இம்முறையைப் பின்பற்றுகிறது. இயல்பில் அது அமைதியாக இருக்கும். கேட்கும்போது விரிவாகச் சொல்லும். அழைத்தவர் கொடுத்த செயற்கூற்றின் வழியே அச்செய்திகளை அனுப்பவும் செய்யும்.

மூன்றாவது, செயலை மாற்றாமை. தடவரிக்குள் ஒரு மாறியின் மதிப்பைக் கூட்டும் கட்டளையை எழுதினால், தடம் திறந்திருக்கும்போது ஒரு விடையும் மூடியிருக்கும்போது வேறொரு விடையும் வரும். பிழை எண்ணைத் தாங்கும் 'எர்நோ' என்னும் பொதுவிடம் ஒன்று சி மொழியில் உண்டு. தடவரியை எழுதும் செயலே அவ்வெண்ணை மாற்றிவிடக்கூடும். ஆகவே, எழுதும் முன் அதனைச் சேமித்து, எழுதியபின் மீட்டு வைத்தல் வேண்டும்.

நான்காவது, மறைபொருள் காத்தல். கடவுச்சொல், வங்கிக் கணக்கு எண், நோயாளியின் விவரம் போன்றவை நிரலகத்தின் வழியே செல்லலாம். தடக்கோப்பு பலர் கைகளுக்குச் செல்லக்கூடியது. 'கடவுச்சொல் பெறப்பட்டது, நீளம் 12' என்பதைக்கூட எழுதாமல், 'கடவுச்சொல் பெறப்பட்டது' என்பதோடு நிறுத்திக்கொள்வதே நன்று.

செவ்வாயில் எழுந்த சிக்கல்

வேகம் கருதி, வெளியிடும் முன் தடங்களை முற்றிலும் நீக்கிவிடலாம் என்று சிலர் எண்ணுவர். பெயர்க்கும்போதே தடவரிகளை இல்லாமல் செய்யவும் மேக்ரோவால் இயலும். ஆயினும், ஆய்வுக்கூடத்தில் தோன்றாத வழு, வெளியிட்ட பின்னரே தோன்றக்கூடும். இதனை உணர்த்தும் நிகழ்ச்சி ஒன்று உண்டு.

நாசாவின் மார்ஸ் பாத்ஃபைண்டர் விண்கலம் 1997ஆம் ஆண்டு ஜூலை 4 அன்று செவ்வாயில் தரையிறங்கியது. சில நாள்களில், வானிலைத் தரவுகளைத் திரட்டத் தொடங்கிய பின்னர், அதன் கணினி அவ்வப்போது தானே நின்று மீண்டும் தொடங்கியது. ஒவ்வொரு முறையும் அன்றைய எஞ்சிய பணிகள் மறுநாளுக்குத் தள்ளிப்போயின. பழுதுபார்க்க எவரும் அங்குச் செல்ல இயலாது.

அக்கணினியில் 'விஎக்ஸ்வொர்க்ஸ்' என்னும் இயக்க முறைமை இயங்கியது. பணிகள் தமக்குள் செய்தி பரிமாறும் செயற்கூறுகளில், அதன் மென்பொருள் குழுவினர் முன்பே தடம் பதிக்கும் வசதியைச் சேர்த்திருந்தனர். நினைவகத்தில் வளையம் போல் அமைந்த இடத்தில் தடங்கள் எழுதப்பட்டன. இடம் நிரம்பியதும், பழைய பதிவின்மேல் புதிய பதிவு எழுதப்படும். எனவே, கோளாறு நேரும் கணத்தில் பதிவை நிறுத்தினால், அதற்குச் சற்று முன் நடந்தவை எஞ்சியிருக்கும். சோதித்ததையே பறக்கவிட வேண்டும் என்பது அவர்கள் கொண்ட கொள்கை. அதனால், விண்ணில் அனுப்பிய மென்பொருளிலிருந்தும் அவ்வசதியை அவர்கள் நீக்கவில்லை.

கலிபோர்னியாவில் உள்ள ஜெட் உந்துவிசை ஆய்வகத்தில், அதே மென்பொருளைக் கொண்டு அதே பணிகளைத் திரும்பத்திரும்ப இயக்கினர். 18 மணி நேரத்திற்குள் கோளாறு அங்கும் தோன்றியது. தடத்தைப் படித்ததும் காரணம் விளங்கியது. முன்னுரிமை குறைந்த வானிலைப் பணி ஒரு பூட்டை எடுத்து வைத்திருந்தது. முன்னுரிமை மிகுந்த தரவுப் பகிர்வுப் பணி அப்பூட்டிற்காகக் காத்திருந்தது. அவ்வேளையில், இடைப்பட்ட முன்னுரிமை கொண்ட பணிகள் புகுந்து, பூட்டை வைத்திருந்த பணியை ஓடவிடாமல் தடுத்தன. காத்திருந்த பணி உரிய நேரத்தில் முடியாததைக் கண்ட கண்காணிப்புப் பணி, கணினியை மீண்டும் தொடங்கச் செய்தது.

பூட்டை வைத்திருக்கும் பணிக்கு, காத்திருக்கும் பணியின் முன்னுரிமையைத் தற்காலிகமாக அளிக்கும் வசதி அவ்வியக்க முறைமையிலேயே இருந்தது, ஆனால், அணைக்கப்பட்டிருந்தது. அதனை இயக்குமாறு செய்யும் மாற்றம் புவியிலிருந்து செவ்வாய்க்கு அனுப்பப்பட்டது. சிக்கல் தீர்ந்தது.

தடத்தின் பயன்

இந்நிகழ்ச்சியில் தடவரிகளை எழுதியவர்கள், இப்படியொரு சிக்கல் வரும் என அறிந்து எழுதவில்லை. வேறொரு வழுவைத் தேடுவதற்காகவே அவ்வசதி முதலில் உருவாக்கப்பட்டது. அது நீக்கப்படாமல் இருந்ததால், பின்னாளில் வேறொன்றைக் காண உதவியது. இதுவே தடத்தின் தனித்தன்மை. எந்தக் கேள்வி எழும் என்று தெரியாதபோதே அது விடையைச் சேர்த்துவைக்கிறது.

நிரலகத்தை எழுதுபவர் தம் பணி முடிந்ததும் விலகிச் செல்வார். அதனைப் பயன்படுத்துவோர் அவரை அறியார். அவரும் அவர்களை அறியார். அவர்கள் இடர்ப்படும் வேளையில் உண்மையை மட்டும், கேட்ட அளவுக்கு மட்டும், பிறர் மறைபொருளை வெளியிடாமல் எடுத்துச் சொல்லும் ஒரு வரியை அவர் விட்டுச்செல்ல முடியும். முகம் அறியாத ஒருவருக்குச் செய்யும் உதவி அது. நாளை நிரல் எழுதும்போது, விடை சரியாக வருகிறதா என்று சோதிப்பதோடு நாம் நின்றுவிடலாகாது. விடை தவறினால் அதன் காரணத்தைக் கண்டறிய வழி வைத்திருக்கிறோமா என்பதையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.