ஒரே என்ஜின், வேற வேற டயர்

நம்ம ஊர் பக்கத்துல தேர்வாய் கண்டிகை சிப்காட்ல மிச்செலின் டயர் கம்பெனி இருக்கு இல்லையா? 2005-ல் அந்த பிரான்ஸ் கம்பெனியோட டயரால் ஒரு கார் ரேஸே பாதியாகிப் போச்சு.

பார்முலா ஒன் ரேஸில் பல டீம்களுக்கு என்ஜின் ஒரு கம்பெனி தரும், டயர் வேறொரு கம்பெனி தரும். கோயம்புத்தூர்க்காரர் நரேன் கார்த்திகேயன் அந்த வருஷம் ஜோர்டான் டீமில் ஓட்டினார். என்ஜின் டொயோட்டா, டயர் பிரிட்ஜ்ஸ்டோன். டொயோட்டாவுக்கு சொந்த டீமும் இருந்தது. அதுக்கு மிச்செலின் டயர்.

ரேஸ் அமெரிக்காவில், இண்டியானாபோலிஸில். பயிற்சியின்போதே ஒரு டொயோட்டா காரின் இடது பின் டயர் போய், கார் சுவரில் மோதியது. அங்கே 13-வது வளைவு சாய்வானது. வேகமா திரும்பும்போது அந்த டயர் மேலதான் பாரம் ஏறும். "இதே வேகத்தில் போனா எங்க டயர் தாங்காது" என்று மிச்செலினே சொல்லிவிட்டது. வேகம் குறைய அங்கே ஒரு தடுப்பு வளைவு வைக்கச் சொல்லிக் கேட்டாங்க. சர்வதேச அமைப்பு ஒத்துக்கல. டயர் கொடுத்தவங்களே கையை விரிச்சா டிரைவர் என்னதான் செய்வார்?

ஜூன் 19-ம் தேதி 20 காரும் ஒரு சுற்று வந்தன. உடனே மிச்செலின் டயர் போட்ட 14 காரும் உள்ளே போய்விட்டன. மீதி 6 கார்தான் ஓடியது. நரேன் நாலாவது. பார்முலா ஒன்னில் அவர் எடுத்த மொத்த பாயிண்டே அன்னிக்கு கிடைச்ச 5 தான். சும்மா வந்த பாயிண்ட் என்பாங்க சிலர். எனக்கு அப்படித் தோணல, கடைசி வரை ஓட்டி முடிச்சாரே! என்ஜின் கொடுத்த டொயோட்டாவோட ரெண்டு காரும் சும்மா நின்னுது. அதே என்ஜின் போட்ட நரேன் கார் ஓடிக்கிட்டே இருந்துச்சு.