காலணாக் கார்

"லாடா காரின் விலையை இரு மடங்காக்க வழி தெரியுமா?"

"தெரியாதே, என்ன வழி?"

"அதன் பெட்ரோல் தொட்டியை நிரப்பிவிடு!"

சிரித்தார்கள். 1980-களில் இங்கிலாந்து நாட்டிலே இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். பளபளப்பு இல்லாத கார். பெட்டி மேல் பெட்டி வைத்தது போன்ற உருவம். பத்து ஆண்டுகளுக்கு முன் பார்த்த அதே முகம். கேலி பேச இது போதாதா, சீமான்களுக்கு!

சிரிக்கட்டும். சிரிப்புக்கு வரி கிடையாது. ஆனால், யாரைப் பார்த்துச் சிரிக்கிறோம் என்று தெரிந்துகொண்டு சிரிப்பது நல்லது அல்லவா? அந்தக் காரைச் செய்தவன் வால்கா நதிக்கரைப் பாட்டாளி. இங்கிலாந்திலே அதை வாங்கியவனும் குபேரன் அல்லன். மற்றவர்கள் பழைய கார் வாங்கும் பணத்துக்கு நமக்குப் புதிய கார் கிடைக்கிறதே என்று வாங்கிய எளிய குடும்பத்தான். செய்தவனும் உழைப்பாளி, வாங்கியவனும் உழைப்பாளி. இடையிலே நின்று சிரித்தவன் மட்டும்தான் வேறு வர்க்கம்.

அந்தக் காரின் கதையைத்தான் சொல்லப் போகிறோம், தோழர்களே! புகழ் பாடுவதற்காக அல்ல. பழி தூற்றுவதற்காகவும் அல்ல. அந்தக் கதைக்குள்ளே ஒரு கேள்வி கிடக்கிறது. நாள் முழுதும் ஆலையிலே நின்று, கை வலிக்க ஒரு பொருளைச் செய்கிறானே, அவன் கைக்கு அந்தப் பொருள் எப்போது வந்து சேர்கிறது என்ற கேள்வி.

சோவியத் நாட்டிலே முன்பு கார் இல்லாமலா இருந்தது? இருந்தது. 1929-இல் அமெரிக்கக் கோடீசுவரர் ஃபோர்டுடன் ஒப்பந்தம் செய்து, பின்னாளில் கார்க்கி என்று பெயர் பெற்ற நகரிலே ஆலை எழுப்பினார்கள். உலகப் போர் முடிந்ததும், தோற்றுப் போன ஜெர்மனியிலிருந்து ஓப்பல் காரின் அமைப்பைக் கொண்டுவந்து 'மாஸ்க்விச்' என்று பெயரிட்டு ஓட்டினார்கள். 1960-இல் 'சபரோஜெட்ஸ்' என்ற சின்னஞ்சிறு வண்டி வந்தது. வந்து என்ன? யானைப் பசிக்குச் சோளப் பொரி! குருஷேவ் அவர்களோ, ஆளுக்கு ஒரு கார் எதற்கு, வாடகைக்கு எடுத்து ஓட்டிவிட்டுத் திருப்பித் தரும் கார்களை நிறைய வைப்போம், அது போதும் என்று 1959-இல் பேசினார். யோசனை கெட்டது என்று நாம் கூற மாட்டோம். ஆனால், அதைக் கூறியவர் ஏறிச் சென்றது வாடகைக் கார் அல்ல!

1964-இல் குருஷேவ் போனார், கோசிகின் பிரதமரானார். கணக்குத் தெரிந்தவர். மக்கள் கையிலே ரூபிள் சேருகிறது; கடையிலே வாங்கப் பொருள் இல்லை; வாங்க ஏதும் இல்லாத பணம் எத்தனை நாளைக்குச் சும்மா கிடக்கும்? கொடு ஒரு காரை, என்று முடிவாயிற்று. யாரிடம் போவது? இத்தாலியிலே டூரின் நகரத்துப் பியட் கம்பெனியிடம் போனார்கள். 1966 ஆகஸ்டு 15-ஆம் நாள் மாஸ்கோவிலே ஒப்பந்தம் எழுதப்பட்டது. பியட் கம்பெனி ஒரு பக்கம், சோவியத் மந்திரி தராசோவ் மறு பக்கம். பாட்டாளி அரசு முதலாளியின் வாசலுக்குப் போகலாமா என்று கேட்பவர் உண்டு. போனால் என்ன? அறிவு எந்த வாசலில் இருந்தாலும் போய்க் கேட்டு வாங்கி வருவதிலே இழிவில்லை. வாங்கி வந்ததை என்ன செய்தார்கள் என்பதல்லவா பேச்சு!

ஆலை அமைந்த ஊரின் பெயரிலும் ஒரு வேடிக்கை இருக்கிறது. ஸ்தாவ்ரபோல் என்று ஒரு பழைய ஊர், வால்காவின் கரையில். நதிக்குக் குறுக்கே பெரிய அணை எழுந்தபோது, 1950-களில் அந்த ஊர் நீரில் மூழ்கிற்று. மக்கள் மேட்டிலே புது ஊர் கட்டிக் குடியேறினார்கள். 1964-இல் இத்தாலியக் கம்யூனிஸ்டுத் தலைவர் டோலியாட்டி, சோவியத் நாட்டுக்கு வந்திருந்த இடத்தில் மறைந்தார். அவர் பெயரை அந்த ஊருக்கு வைத்தார்கள். இரண்டே ஆண்டு சென்றது. அந்த ஊரைத் தேடி வந்தார்கள் இத்தாலியர்கள், முதலாளியின் ஆட்களாக! வாழ்நாளெல்லாம் பெருமுதலாளிகளை எதிர்த்தவரின் பெயரைத் தாங்கிய ஊரிலே பியட் கம்பெனியின் எந்திரங்கள் வந்து இறங்கின. வரலாறு சில நேரங்களில் நம்மைவிட நன்றாகக் கேலி பேசுகிறது.

1967 ஜனவரியில் மண் தோண்டினார்கள். நாட்டின் பல மூலைகளிலிருந்தும் இளைஞர் பட்டாளம் வந்தது. சோவியத் பொறியாளர்கள் டூரினுக்குப் போய்ப் படித்தார்கள். இத்தாலியர்கள் வால்காக் குளிரில் வந்து நடுங்கினார்கள். ஆண்டுக்கு 6,60,000 கார் என்பது திட்டம். ஆலைக்குப் பக்கத்திலேயே தொழிலாளருக்கென்று ஒரு நகரத்தையும் கட்டினார்கள்.

இனி வண்டிக்கு வருவோம். இங்கேதான் நாம் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும்.

பியட் 124 என்பது இத்தாலியக் கார். 1967-ஆம் ஆண்டுக்கான ஐரோப்பியக் கார் என்ற பரிசைப் பெற்ற கார். அழகான சாலையில் அழகாக ஓடும். அதைச் சோவியத் நாட்டுக்குக் கொண்டுவந்து, கல் பாவிய சாலையிலும் சேற்றிலும் பனியிலும் ஓட்டிப் பார்த்தார்கள். என்ன ஆயிற்று? உடற்கூட்டிலே வெடிப்புக் கண்டது. பின் சக்கரங்களில் இருந்த வட்டத்தகட்டு பிரேக், சேறும் மணலும் புகுந்து விரைவில் தேய்ந்தது. அடி வயிறு சாலைக் கல்லிலே இடித்தது. ஐரோப்பாவின் பரிசு பெற்ற கார், ரஷ்யக் கிராமத்துச் சாலையிடம் தோற்றது!

மாற்று என்றார்கள் சோவியத் பொறியாளர்கள். இத்தாலியரும் மறுக்கவில்லை, இரு சாராரும் உட்கார்ந்து மாற்றினார்கள். தகட்டைத் தடிமனாக்கினார்கள். வண்டியைத் தரையிலிருந்து உயர்த்தினார்கள். பின் சக்கரத்துக்கு மூடிய டிரம் பிரேக் வைத்தார்கள். பழைய என்ஜின் வேண்டாம், கேம் தண்டு மேலே அமைந்த புது என்ஜின்தான் வேண்டும் என்று பிடிவாதம் பிடித்து வாங்கினார்கள். இழுத்துச் செல்லக் கொக்கி வைத்தார்கள். கடுங்குளிரிலே பாட்டரி செத்துப் போனால்? முன்பக்கம் ஹாண்டிலை விட்டுக் கையால் சுற்றிக் கிளப்ப வழி செய்தார்கள். இப்படிப் பெரிதும் சிறிதுமாகச் சுமார் 800 மாற்றங்கள் என்பது கணக்கு. பார்ப்பதற்கு அதே முகம். உள்ளே வேறு எலும்பு. 'காப்பி அடித்தார்கள்' என்று இன்றும் சொல்லித் திரிவோர், பட்டறையிலே ஒரு நாள் நின்று பார்த்தவர்கள் அல்லர்.

1970 ஏப்ரல் 22 லெனின் நூற்றாண்டு. அதற்கு மூன்று நாள் முன்பு, 19-ஆம் தேதி, முதல் ஆறு கார்கள் ஆலையிலிருந்து வெளிவந்தன. பக்கத்து மலைத் தொடரின் பெயரால் 'ஜிகுலி' என்று பெயரிட்டார்கள். அயல்நாட்டார் காதில் அந்தப் பெயர் வேறு ஒரு விரசமான சொல்லாக விழும் என்பதால், ஏற்றுமதிக்கு 'லாடா'. மக்கள் வைத்த பெயர் வேறு. 2101 என்ற எண்ணின் கடைசி இலக்கத்தைப் பிடித்துக்கொண்டு, 'கோபெய்க்கா' என்றார்கள். ரூபிளில் நூற்றில் ஒன்று, கோபெக். நம் வழக்கிலே சொல்வதானால் காலணா. காலணாக் கார்!

பெயர்தான் காலணா. விலை? 5,500 ரூபிள் அளவில். அன்றைய சராசரி மாதச் சம்பளம் சுமார் 120 ரூபிள். ரொட்டி தின்னாமல், சட்டை தைக்காமல், பிள்ளைக்குப் புத்தகம் வாங்காமல் இருந்தால் ஏறக்குறைய நான்கு ஆண்டுச் சம்பளம்!

சரி, பணத்தைச் சேர்த்துவிட்டான் என்றே வைத்துக்கொள்வோம். கடைக்குப் போய் வாங்கிவிட முடியுமா? அதுதான் முடியாது. தொழிற்சாலையிலே பட்டியல், பட்டியலிலே பெயர், பெயருக்கு முன்னே நூறு பெயர். ஆண்டுக் கணக்கிலே காத்திருக்க வேண்டும். வரிசையில் முந்திக்கொள்ள, அதிகாரிக்குத் தெரிந்தவன், தெரிந்தவனுக்குத் தெரிந்தவன். வெளிநாட்டில் வேலை பார்த்து அந்நியச் செலாவணிச் சீட்டோடு திரும்பியவனுக்கு வரிசையே இல்லை. ஓட்டிப் பழசான காரைச் சந்தையில் விற்றால், புதிய காரைவிட அதிக விலை கிடைத்தது. காத்திருக்க வேண்டாம் அல்லவா, அதற்குத்தான் அந்த விலை!

அமெரிக்க ஜனாதிபதி ரீகன் ஒரு கதையைக் கூட்டங்களிலே சொல்லி மகிழ்வார். ஒருவன் பணத்தைக் கட்டினானாம். "பத்து ஆண்டு கழித்து இதே நாளில் வந்து காரை எடுத்துக்கொள்" என்றார்களாம். "காலையிலா, மாலையிலா?" என்று கேட்டானாம். "பத்து ஆண்டுக்குப் பிறகு, காலையானால் என்ன, மாலையானால் என்ன?" "இல்லை ஐயா, அன்று காலையில்தான் குழாய் ரிப்பேர்க்காரர் வருவதாகச் சொல்லியிருக்கிறார்!"

சொன்னவரின் உள்நோக்கம் நமக்குத் தெரியும். அதற்காகக் கதையிலே உள்ள உண்மையை மறைக்க நாம் தயாராக இல்லை. ரீகனுக்கு முன்பே அந்த வரிசையில் நின்றவர்கள் சொல்லிச் சிரித்த கதை அது. அவர்களுக்குச் சிரிக்க உரிமை உண்டு, நின்றவர்கள் அவர்கள்.

கார் வந்த பிறகாவது நிம்மதி உண்டா? நிறுத்திவிட்டுப் போகும்போது கண்ணாடியைத் துடைக்கும் வைப்பரைக் கழற்றிக் கையோடு எடுத்துப் போவார்கள். விட்டுப் போனால் திருட்டுப் போகும். திருட்டுப் போனால் கடையிலே கிடைக்காது. மழை பிடித்துக்கொண்டால் சாலையெங்கும் கார்கள் ஓரங்கட்டி நிற்கும். வைப்பரை மாட்டிக்கொண்டு புறப்படும். ஆண்டுக்குப் பல இலட்சம் கார் செய்யும் நாட்டிலே துடைக்கும் ரப்பருக்குப் பஞ்சம்! பெரியதைச் செய்தோம் என்று மார் தட்டுகிற எந்த ஆட்சியும், சிறியதைச் செய்தோமா என்று கேட்டுக்கொள்வது அரிது.

ஆனாலும் அந்தக் காரை மக்கள் நேசித்தார்கள். ரிப்பேர் செய்ய ஆள் தேட வேண்டியதில்லை. ஒரு கைப்பிடி ஸ்பேனர் இருந்தால் தானே கழற்றலாம், தானே மாட்டலாம். தோட்டத்து உருளைக்கிழங்கு மூட்டையைக் கூரைமேல் கட்டி, குழந்தை குட்டிகளை உள்ளே திணித்துக்கொண்டு ஊர் திரும்பலாம். கடுங்குளிரிலும் உள்ளே வெதுவெதுப்பாக இருக்கும். கியூபாவிலும் எகிப்திலும் டாக்சியாக ஓடி எத்தனையோ குடும்பத்துக்குச் சோறு போட்டது. அதன் மூலமான பியட் 124-இன் உடற்கூடு நம் நாட்டுக்கும் வந்தது: 1985-இல் பம்பாயில் பிரீமியர் கம்பெனி, ஜப்பானிய நிசான் என்ஜினைப் பொருத்தி, 118 என்.இ. என்று விற்ற கார் அதுதான்.

பியட் கம்பெனி 1974-லேயே 124-ஐ இத்தாலியில் நிறுத்திவிட்டது. வால்காக் கரையிலோ, வட்ட விளக்கு சதுர விளக்காயிற்று, எண்கள் 2103, 2106, 2105, 2107 என்று மாறின, வண்டி மாறவில்லை. 2106 மட்டும் 30 ஆண்டுகள் வந்தது, 1976 முதல் 2006 வரை. ஏன் மாற்றவில்லை? செய்தவை அத்தனையும் விற்றன. வாசலில் வரிசை நிற்கிறது. வரிசை நிற்கும் வரையில் சமையற்காரர் குழம்பை மாற்றுவாரா? 1984-இல் புதிய அமைப்பில் சமாரா என்ற கார் வந்தது. பழையதை நிறுத்த மனம் வரவில்லை.

பிறகு 1991 வந்தது. சிவப்புக் கொடி இறங்கிற்று. இனி உழைத்தவனுக்கு விடிவு என்றார்கள். யாருக்கு விடிந்தது? பெரெசோவ்ஸ்கி என்று ஒரு கணித அறிஞர். 1989-லேயே லோகோவாஸ் என்ற கம்பெனி தொடங்கி, ஆலையிடமிருந்து கார்களைக் கடனுக்கு எடுத்தார், விற்றார், ஆலைக்குப் பணத்தைப் பிறகு கொடுத்தார். 1992-இல் ஓராண்டில் விலைவாசி இருபது மடங்குக்கு மேல் ஏறிற்று. பிறகு கொடுத்த பணம் என்ன பணம்? செல்லாக் காசு! ஸ்பேனரைத் தொடாதவர் கோடீசுவரரானார். உழுதவன் கணக்குப் பார்த்தால் உழக்கும் மிஞ்சாது என்பது நம் ஊரிலே மட்டுமா?

ஆலை வாசலிலே ரௌடிக் கும்பல்கள் கார்களைப் பங்கு போட்டுக்கொண்டன. தெருவிலே பிணங்கள் விழுந்தன. அதை எழுதிற்று அவ்வூர் ஏடு, 'டோலியாட்டின்ஸ்கோயே ஒபோஸ்ரேனியே'. அதன் ஆசிரியர் வலேரி இவானோவ் 2002-இல் சுட்டுக் கொல்லப்பட்டார். அவர் இருக்கையில் அமர்ந்த அலெக்சி சிதோரோவ் 2003-இல் குத்திக் கொல்லப்பட்டார். ஏடு நடத்துவோர் என்ற முறையில் இந்த வரியை எழுதும்போது நம் பேனா சற்று நின்றது.

2012 ஏப்ரலில் 2107 நின்றது. செப்டம்பரில் கடைசி உடன்பிறப்பான 2104 நின்றது. 42 ஆண்டுகளில் 1 கோடி 70 இலட்சத்துக்கு மேற்பட்ட வண்டிகள். அதற்கு முன்பே, 2008-இல், பிரெஞ்சுக் கம்பெனி ரெனோ ஆலையிலே பங்கு வாங்கியிருந்தது. பின்னர் பெரும் பங்கும் அதன் கைக்குப் போயிற்று. 2022-இல் உக்ரைன் போர் மூண்டது. உதிரி பாகம் வராமல் ஆலை நின்று நின்று ஓடிற்று. பல்லாயிரம் தொழிலாளர் வேலையின்றி வீட்டில் இருந்தனர். மே மாதம் ரெனோ தன் பங்கை ரஷ்ய அரசு நிறுவனத்துக்கு விற்றுவிட்டு வெளியேறிற்று. விலை ஒரு ரூபிள், அதாவது நூறு காலணா.