காரின் ஸ்டீரியோவில் எழும் கீச்சொலி

கையடக்க இசைக்கருவியைக் காரின் ஸ்டீரியோவுடன் கம்பியால் இணைத்துப் பாடங்களை ஒலிபரப்புவோர், எஞ்சின் ஓடத் தொடங்கியதும் ஒரு கீச்சொலி எழுவதையும், வேகம் கூடுந்தோறும் அதன் சுருதி உயர்வதையும் கேட்டிருப்பர். உடனே இசைக்கருவியைப் பிரித்துப் பார்த்தல் வீண் வேலை. பெரும்பாலும் பழுது அதில் இல்லை.

காரின் ஆல்டர்னேட்டர் உண்டாக்கும் மாறுதிசை மின்னோட்டத்தை டையோடுகள் நேர்மின்னோட்டமாக மாற்றுகின்றன. எனினும் அதில் சிறு ஏற்றத்தாழ்வு எஞ்சி நிற்கும். 12 வோல்ட் துளையில் சார்ஜரைச் செருகினால் இசைக்கருவிக்கு இரண்டு 'எர்த்' வழிகள் அமைகின்றன: ஒன்று சார்ஜர் வழி, மற்றொன்று ஒலிக்கம்பி வழி. இரண்டும் வளையமாகிவிடவே, அவ்வேற்றத்தாழ்வு ஒலிக்கம்பியிலும் புகுகிறது. அது சில மில்லிவோல்ட்டே ஆயினும், ஸ்டீரியோ அதனையும் பெருக்கிக் காட்டிவிடும்.

சோதனை எளிது. சார்ஜரைக் கழற்றுக. ஒலி நின்றால் காரணம் அவ்வளையமே. இசைக்கருவியை அதன் பேட்டரியில் மட்டும் இயக்குக. அன்றேல், ஒலிக்கம்பியின் இடையே இருபுறத்து எர்த்தையும் பிரித்து நிறுத்தும் சிறு டிரான்ஸ்பார்மர் ஒன்றை இணைக்கலாம். ஒலி நில்லாவிடின் ஸ்டீரியோவின் எர்த் கம்பி தளர்ந்துள்ளதா எனப் பார்த்தல் வேண்டும்.

ஆசிரியர்களைத் திகைக்கவைக்கும் பழுது வேறொன்று உண்டு. சார்ஜர் இல்லாதபோது பக்கவாத்தியம் கேட்கும்; பாடுவோர் குரல் மட்டும் மறையும். 3.5 மி.மீ. செருகியின் அடிப்பகுதி தொடர்பு இழந்தமையே காரணம். அப்போது இடம், வலம் ஆகிய இரு ஒலிகளின் வேறுபாடு மட்டுமே ஸ்டீரியோவை அடைகிறது. இரண்டிலும் சமமாக உள்ள குரல் கழிந்துபோகிறது. ஒருவர் பேசிப் பதிந்த பாடமாயின் ஏறக்குறைய ஒன்றுமே கேளாது! செருகியை இறுதிவரை அழுத்துக. பயனில்லையேல் கம்பியை மாற்றுக.