கணினிக் காவலும் கொள்கலனும்

1988 ஆம் ஆண்டு நவம்பர் மாதம் 2 ஆம் திகதி, அமெரிக்காவின் கோர்னெல் பல்கலைக்கழக மாணவராகிய றொபேட் ரப்பன் மொறிஸ் என்பார் தாம் எழுதிய சிறியதொரு நிரலை இணையத்தில் விடுத்தார். கணினி விட்டுக் கணினி தானே பரவும் இயல்பு அதற்கு இருந்தது. கோப்புகளை அழிக்கும் நோக்கம் அதற்கில்லை. எனினும் ஒரே கணினியை மீண்டும் மீண்டும் பற்றியமையால், கணினிகள் சுமை தாங்காது ஓய்ந்தன. அக்காலத்து இணையத்தில் இருந்த ஏறக்குறைய 60,000 கணினிகளுள் 6,000 வரை பாதிக்கப்பட்டன என மதிப்பிடப்பட்டது. 1990 இல் நீதிமன்றம் மொறிஸைக் குற்றவாளியெனக் கண்டது. அடைக்கப்பட்ட களமொன்றில் முதலில் ஓடவிட்டுப் பார்த்திருப்பின், அந்நிரலின் பிழை அங்கேயே வெளிப்பட்டிருக்கும்.

கணினிகளைக் காப்பவர் தாக்குதலின் வழிவகைகளைச் செய்து பார்த்தே அறிதல் வேண்டும். ஆயினும் பிறர் கணினியில் அவர்தம் அனுமதியின்றி அதனைச் செய்தல் குற்றமாகும். இலங்கையில் 2007 ஆம் ஆண்டின் 24 ஆம் இலக்கக் கணினிக் குற்றச் சட்டம் இதனைத் தடுக்கின்றது. ஆதலால் பயிற்சிக்கெனத் தனிக்களம் வேண்டும். அக்களம் வெளியுலகிலிருந்து பிரிக்கப்பட்டிருத்தல் வேண்டும். ஒவ்வொரு முறையும் ஒரே தன்மையதாய் அமைதல் வேண்டும். வேலை முடிந்ததும் தயக்கமின்றி அழிக்கத்தக்கதாய் இருத்தல் வேண்டும். இம்மூன்றையும் குறைந்த செலவில் தருவதே கொள்கலன் என்னும் அமைப்பு.

கொள்கலன் என்பது ஒரு கணினிக்குள் வகுக்கப்படும் தனியறை போன்றது. அதனுள் இயங்கும் நிரல் தனக்குரிய கோப்புகளையும் தனக்குரிய வலையமைப்பையும் மட்டுமே காணும். அடுத்த அறையில் நிகழ்வதை அறியாது. இக்கருத்தின் தொடக்கத்தை 1979 இல் யுனிக்ஸ் இயங்குதளத்தில் காணலாம். நினைவகத்தையும் செயலியின் நேரத்தையும் இவ்வளவே எனப் பங்கிடும் வசதி 2008 இல் லினக்ஸில் சேர்ந்தது. 2013 இல் வெளிவந்த டொக்கர் என்னும் மென்பொருள் இவற்றையெல்லாம் எளிதாக்கி யாவர்க்கும் உரியதாக்கிற்று.

இத்தகைய அறையைக் கட்டுவதற்குரிய எழுத்து வடிவக் கட்டளைத் தொகுதியே வார்ப்புரு. செங்கல் அறுப்போர் கையிலுள்ள அச்சு ஒன்றே. அதிலிருந்து எத்தனை கல்லும் ஒரே அளவில் வரும். அதுபோல, எந்த இயங்குதளத்தின் மேல், எந்த மென்பொருளை, எந்தப் பயனரின் உரிமையுடன் நிறுவுவது என்பது வார்ப்புருவில் வரிவரியாக எழுதப்படும். அதிலிருந்து படிமம் ஒன்று உருவாகும். அப்படிமத்திலிருந்து வேண்டியபோது வேண்டிய அளவு கொள்கலன்கள் எழும்.

சாதாரண வேலைக்கு எழுதும் வார்ப்புருவுக்கும் பாதுகாப்புச் சோதனைக்கு எழுதும் வார்ப்புருவுக்கும் முக்கியமான வேறுபாடு ஒன்றுண்டு. 2021 டிசம்பரில் லொக்போஜே என்னும் ஜாவா நூலகத்தில் பெருங்குறையொன்று வெளிப்பட்டது. பதிவேட்டில் எழுதப்படும் ஒரு சொற்றொடரைக் கொண்டே, வெளியிலுள்ளவர் தம் நிரலைச் சேவையகத்தில் ஓடச் செய்யலாம் என்பது அக்குறை. இதனை ஆராய விரும்புவோர் வார்ப்புருவில் ‘ஆகப் புதிய பதிப்பு’ என்று எழுதிவிட்டால், திருத்தப்பட்ட நூலகமே வந்து சேரும், தாக்குதல் பலிக்காது, குறையே இல்லை என்ற தவறான முடிவு பிறக்கும். ஆகையால், குறையுள்ள 2.14.1 ஆம் பதிப்பையும் அதற்கேற்ற பழைய ஜாவாப் பதிப்பையும் எண் குறித்தே எழுதுதல் வேண்டும். பிற இடங்களில் நீக்க வேண்டிய நோயை இங்கே பேணி வைத்தல் அவசியமாகின்றது. அதனாலேயே அடைப்பும் வலிதாக இருத்தல் வேண்டும்.

நல்ல களமொன்றில் மூன்று கொள்கலன்கள் அமையும்: தாக்கப்படுவது ஒன்று, தாக்குவது ஒன்று, இரண்டுக்குமிடையே நிகழ்வதைப் பதிவு செய்வது ஒன்று. இவை வெளியிணையத்துக்கு வழியில்லாத உள்வலையொன்றில் மட்டும் இணைக்கப்படும். நிரல்கள் தலைமைப் பயனரின் உரிமையுடன் ஓடலாகாது. அதற்கென வேறு ஏற்பாடு செய்யாவிடின் டொக்கர் அவ்வுரிமையுடனேயே ஓடவிடும். நினைவகத்துக்கு எல்லை வகுக்கப்படல் வேண்டும். உண்மையான கடவுச்சொல் எதுவும் வார்ப்புருவில் இடம்பெறலாகாது. படிமம் அடுக்கடுக்காகக் கட்டப்படுவதால், ஓரடுக்கில் இட்ட கடவுச்சொல்லை மேலடுக்கில் அழித்தாலும் அடியில் அது தங்கியே இருக்கும். டொக்கரையே ஆளும் வாயிலைக் கொள்கலனுக்குள் திறந்து வைத்தல், கைதியிடம் சிறைச்சாலைத் திறவுகோலைக் கொடுப்பதை ஒக்கும்.

இத்தனை செய்தும் கொள்கலனின் சுவர் மெல்லியதே. அறைகள் பலவாயினும் இயங்குதளத்தின் கரு ஒன்றே. அதனை எல்லா அறைகளும் பங்கிட்டுக் கொள்கின்றன. கொள்கலன்களை இயக்கும் றன்சீ என்னும் கருவியில் ஒரு குறை 2019 பெப்ரவரியில் வெளியாயிற்று. தீய கொள்கலனொன்று அக்கருவியையே மாற்றியெழுதி, தன்னைத் தாங்கும் கணினியின் தலைமை உரிமையைப் பெறக்கூடும் என்பது அதனால் தெரிந்தது. ஆதலின், தன்மை அறியப்படாத தீநிரலைக் கொள்கலனை மட்டும் நம்பித் திறத்தல் தகாது. தனக்கெனக் கருவுடைய மெய்நிகர் கணினியோ, வலையமைப்பிலிருந்து முற்றாக விலக்கிய தனிக்கணினியோ அதற்கு வேண்டும்.

அறியப்பட்ட குறைகளைப் பயில்வதற்குக் கொள்கலன் போதியது. ஓவாஸ்ப் அமைப்பின் ஜூஸ் ஷொப் போன்று, கற்போர்க்கெனவே குறைகளுடன் ஆக்கப்பட்ட செயலிகள் ஆயத்தப் படிமங்களாக இலவசமாய்க் கிடைக்கின்றன. மாணவர் ஒருவர் தம் சொந்தக் கணினியிலேயே அதனை எழுப்பி, தாக்கிப் பார்த்து, பிழை நேர்ந்தால் அழித்துச் சில நிமிடங்களில் மீண்டும் தொடங்கலாம். ஆனால், எவரோ எழுதிய வார்ப்புருவைப் பெற்றவர் அதனை ஓடவிடுமுன் ஒவ்வொரு வரியையும் படித்தல் வேண்டும். எந்தக் கதவு அடைக்கப்பட்டிருக்கின்றது, எது திறந்திருக்கின்றது என்பது அவ்வரிகளிலேயே எழுதப்பட்டிருக்கின்றது.