பனித்திரையும் விமானியின் முடிவும்

மார்கழி, தை மாதங்களில் காலை வேளையில் பள்ளிக்கு வரும் தோழியருக்கு மூடுபனி புதியதன்று. திருநள்ளாற்றுச் சாலையின் இருபுறமும் வயல்கள் வெண்மைக்குள் மறைந்து கிடக்கும். தேற்றரவு அன்னை ஆலயத்தின் உயர்ந்த கோபுரம்கூட அருகில் வந்த பிறகே கண்ணுக்குப் புலப்படும். எதிரே பேருந்தின் விளக்கைக் கண்டதும் சைக்கிளை ஓரமாக நிறுத்தி இறங்கிக் கொள்கிறோம். ஆனால், மணிக்கு 250 கிலோமீட்டர் வேகத்தில் ஓடி மேலெழ வேண்டிய விமானம் இத்தகைய பனியில் என்ன செய்யும்?

நம் காரைக்காலில் விமான நிலையம் இல்லை. ஆயினும் விமானம் நமக்கு அந்நியமன்று. பிரான்சு நாட்டில் உறவினரைக் கொண்ட குடும்பங்கள் நம் ஊரில் பல. அவர்களை வழியனுப்பச் சென்னை மீனம்பாக்கம் வரை செல்கிறோம். 2018-ஆம் ஆண்டு போகிப் பண்டிகையன்று, பனியோடு பழம்பொருள்களை எரித்த புகையும் கலந்து சென்னை ஓடுபாதையை மறைத்துவிட்டது. பல விமானங்கள் தாமதமாயின. இறங்க வந்த சில விமானங்கள் வேறு ஊர்களுக்குத் திருப்பிவிடப்பட்டன. இத்தகைய நேரங்களில், "இன்னும் ஏன் கிளப்பவில்லை?" என்று பயணிகள் சலித்துக் கொள்வது இயல்பு. அதற்கான விடையைத்தான் இங்கே காணப் போகிறோம்.

முதலாவது, அளவு. ஓடுபாதையின் நடுக்கோட்டில் நிற்கும் விமானிக்கு அப்பாதையின் கோடுகளும் விளக்குகளும் எவ்வளவு தூரம் தெரிகின்றன என்பதே ஓடுபாதைப் பார்வைத் தூரம். முற்காலத்தில் ஒருவர் ஓடுபாதையின் அருகே நின்று, கண்ணுக்குத் தெரியும் விளக்குகளை எண்ணிச் சொல்வார். இப்போது அதற்குக் கருவிகள் உள்ளன. கருவியின் ஒரு முனையிலிருந்து ஒளியைச் செலுத்தி, மறுமுனைக்கு எவ்வளவு வந்து சேர்கிறது என்று பார்த்துக் கணக்கிடுகிறார்கள். பெங்களூரிலுள்ள தேசிய விண்வெளி ஆய்வகம் 'திருஷ்டி' என்ற பெயரில் இக்கருவியை நம் நாட்டிலேயே உருவாக்கியிருப்பது நமக்குப் பெருமை. பெரிய ஓடுபாதைகளில் தொடக்கம், நடு, கடைசி என்று மூன்று இடங்களில் இவ்வாறு அளக்கிறார்கள். ஏனெனில், ஓரிடத்தில் மெலிந்திருக்கும் பனி மற்றோரிடத்தில் அடர்ந்திருக்கலாம்.

இந்தத் தூரம் 400 மீட்டருக்குக் குறைந்தால் தனி விதிகள் நடைமுறைக்கு வருகின்றன. நடுக்கோட்டு விளக்குகள், கருவிகள், விமானிகள் பெற்ற சிறப்புப் பயிற்சி ஆகிய யாவும் பொருந்தியிருந்தால், நம் நாட்டில் பல விமானங்கள் 125 மீட்டர் வரை புறப்படலாம். மேலெழும் தறுவாயில் விமானம் நொடிக்குச் சுமார் 70 மீட்டர் ஓடுகிறது. அதாவது, விமானி காணும் பாதை முழுவதும் இரண்டே நொடியில் கடந்துபோய்விடும்!

இங்கே ஒரு வியப்பான செய்தி. வசதி மிகுந்த விமான நிலையங்களில், கடும் பனியிலும் தானியங்கிக் கருவியே விமானத்தைத் தரையிறக்கிவிடும். புறப்படுவதோ பெரும்பாலும் இன்றும் மனிதரின் கண்ணையும் கையையும் நம்பியே நடைபெறுகிறது.

இரண்டாவது, மேலெழுந்தபின் வரக்கூடிய ஆபத்து. விமானம் கிளம்பியவுடன் ஓர் எஞ்சின் பழுதானால் எங்கே இறங்குவது? புறப்படுவதற்குப் போதுமான பார்வைத் தூரம் திரும்பி இறங்குவதற்குப் போதாமல் இருக்கலாம். ஆகவே, பனியில்லாத வேறொரு விமான நிலையத்தை முன்கூட்டியே குறித்துக்கொள்ள வேண்டும். இரட்டை எஞ்சின் விமானமாயின், ஒற்றை எஞ்சினில் ஒரு மணி நேரத்திற்குள் சென்றடையக்கூடிய இடமாக அது இருத்தல் வேண்டும் என்பது பொதுவான விதி. அப்படியோர் இடம் இல்லையேல் புறப்படக் கூடாது.

மூன்றாவது, அவசரத்தை அடக்கும் மனம். இதன் அருமையை உலகுக்கு உணர்த்தியது 1977-ஆம் ஆண்டு மார்ச் 27-ஆம் நாள் நிகழ்ந்த கோர விபத்து. ஸ்பெயின் நாட்டுக்குரிய டெனெரீஃப் தீவின் விமான நிலையத்தில், பனி மூடிய ஒரே ஓடுபாதையில் இரண்டு ஜம்போ விமானங்கள் இருந்தன. கே.எல்.எம். விமானத்தின் தலைமை விமானி, பிறருக்குப் பயிற்சியளிக்கும் அளவுக்கு அனுபவம் வாய்ந்தவர். பணிநேர வரம்பு முடிவதற்குள் கிளம்ப வேண்டும் என்ற நெருக்கடி அவருக்கு இருந்தது. வானொலியில் இரு குரல்கள் ஒரே சமயத்தில் மோதியதால் எச்சரிக்கை தெளிவாகக் கேட்கவில்லை. அனுமதி கிடைத்துவிட்டதாக எண்ணி அவர் விமானத்தை ஓட்டத் தொடங்கினார். அப்போது அதே அறையிலிருந்த விமானப் பொறியாளர், எதிரேயுள்ள பான் ஆம் விமானம் இன்னும் விலகவில்லையோ என்று ஐயத்தோடு கேட்டார். விலகிவிட்டது என்று தலைமை விமானி உறுதியாகச் சொல்லவே, பொறியாளர் மேற்கொண்டு பேசவில்லை. சில நொடிகளில் விமானங்கள் மோதின. 583 உயிர்கள் மாண்டன.

அந்தத் துயரத்திலிருந்து உலகம் பாடம் கற்றது. புறப்பட அனுமதி அளிக்கும்போதும் அதை ரத்து செய்யும்போதும் தவிர வேறெப்போதும் 'டேக்-ஆஃப்' என்ற சொல்லை வானொலியில் பயன்படுத்துவதில்லை என்ற வழக்கம் நிலைபெற்றது. இளையவர் தம் ஐயத்தைத் தயங்காமல் சொல்லவும், மூத்தவர் அதைச் செவிமடுத்துக் கேட்கவும் விமானக் குழுவினருக்குத் தனிப் பயிற்சி அளிக்கப்பட்டு வருகிறது.

தோழியரே! நம் கடற்கரைக் குப்பங்களில், "இன்று கடல் சரியில்லை" என்று ஒருவர் சொன்னால் படகைக் கரையிலேயே விட்டுவைப்பதை நாம் கண்டிருக்கிறோம். அதைக் கோழைத்தனம் என்று எவரும் சொல்வதில்லை. நாளை நம்மில் சிலர் விமானிகளாகலாம்; சிலர் வானிலை ஆய்வாளர்களாகலாம். எப்பணியில் இருந்தாலும், பெரியவர் உறுதியாகச் சொல்லிவிட்டார் என்பதற்காக நம் கண்ணில் பட்ட ஆபத்தை விழுங்கிவிடக் கூடாது. பணிவு வேறு, மௌனம் வேறு. அந்தப் பொறியாளர் இன்னும் ஒரு முறை கேட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எண்ணிப் பார்ப்போம். அடுத்த முறை விமானம் தாமதமென்ற அறிவிப்பைக் கேட்கும்போது, சலித்துக் கொள்ளாமல் காத்திருப்போம்.